ராஜா வீட்டில்தான் இருக்கிறார்

கியூம்ரியில் பிப்ரவரி ஞாயிறு, வெளியே பனி.
மூடிப்போன காலுறை ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில்
பன்னிரண்டு மேசை, இருபத்து நான்கு பேர்,
ஒரே ஒரு கணப்பு.
நடுவர் நான்.

ஐந்தாம் மேசையில் ஒரு கை உயர்ந்தது.
விரல் நுனி வெட்டிய கையுறை,
பதினொரு வயது அஸ்த்கிக்.
எதிரே வர்த்கெஸ், முப்பது வருடம் லாரி ஓட்டியவர்,
கோட்டை கட்டிவிட்டுக்
கடிகாரத்தையும் அழுத்தியிருந்தார்.

"கட்டக் கூடாது," என்றாள் சிறுமி.
"ஏன் கூடாது? ராஜா வீட்டில்தானே இருந்தார்?"

பார்த்தேன்.
நடுவில் ஆளில்லை.
ராஜாவுக்கு செக் இல்லை.
கடந்த கட்டத்தின் மேலும், போய் உட்கார்ந்த கட்டத்தின் மேலும்
எதிரியின் பார்வை விழவில்லை.
மூலையில் இருந்த படகும் அதுவரை
வைத்த இடத்தில் வைத்தபடிதான்.
வேறு நாடுகளில் அதைத் தேர் என்பார்களாம், யானை என்பார்களாம்.
கடலே இல்லாத எங்கள் நாட்டில் அது படகு.
என் பெயரிலும் கடல் இருக்கிறது, சோவினார்.
நான் கடலைப் பார்த்ததில்லை.

பிறகு அவருடைய தாளை வாங்கினேன்.
ஒன்பதாம் நகர்வு: ராஜா ஒரு கட்டம் வலப்பக்கம்,
ஏதோ ஒரு செக்குக்குப் பயந்து.
பதினான்காம் நகர்வு: ராஜா திரும்பவும் வீட்டுக்கு.
அவர் கையெழுத்துதான், சாய்ந்து,
சரக்கு ரசீது எழுதுகிற மாதிரி.

"போனார், வந்துவிட்டார்.
அதனால் என்ன கெட்டுப்போயிற்று?
போகாத ராஜாவுக்கும் இவருக்கும்
பலகையில் என்ன வித்தியாசம், காட்டுங்கள்."

பலகையில் ஒன்றுமில்லை.
பலகைக்கு ஞாபகம் கிடையாது.
தாளுக்கு உண்டு.

ஆறு வருடம் ரோஸ்தோவில் செங்கல் அடுக்கிவிட்டுப்
போன டிசம்பரில் ஹ்ராச்சிக் வந்து சேர்ந்தான்.
ஜன்னலோரம், அதே நாற்காலி.
ரொட்டிக் கத்திக்குப் பழைய இழுப்பறையைத் திறப்பான்,
மூடுவான், அடுத்ததைத் திறப்பான்.
பணம் தவறாமல் அனுப்பினான், முதல் நான்கு வருடம்.
அங்கே யாராவது இருந்தாளா என்று நான் கேட்கவில்லை.
எங்களுக்கு நடுவிலும் இப்போது ஆளில்லை.
நானோ இந்த மூலையை விட்டு அசையவே இல்லை.
விதியில் எனக்குப் பிடிக்காத இடம் அதுதான்:
படகு அசையாவிட்டாலும்
ராஜா ஒருமுறை நகர்ந்தால்
உரிமை இரண்டுக்கும் போய்விடுகிறது.

"கோட்டை செல்லாது," என்றேன்.
"இரண்டையும் பழைய இடத்தில் வையுங்கள்.
எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதல்.
ராஜாவைத் தொட்டுவிட்டீர்கள்,
ராஜாவைத்தான் நகர்த்த வேண்டும்."

வர்த்கெஸ் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.
"மறுபடியும் போகச் சொல்கிறீர்கள்."

போனார்.
ஒரு கட்டம், வலப்பக்கம்,
முன்பு போன அதே கட்டம்.

அடுத்ததை நான் எதிர்பார்க்கவில்லை.
ஒரு சிப்பாயை ஒரு படி தள்ளினார்.
அது விட்ட இடத்தில் ராஜாவை ஏற்றினார்.
பிறகு படகு, காலியான கீழ்வரிசை வழியே,
அவசரமில்லாமல் நடுவுக்கு வந்தது.
ஒரே மூச்சில் ஆகவேண்டியது
நான்கு நகர்வில் ஆயிற்று.
தள்ளி நின்று பார்த்தால் கிட்டத்தட்ட கோட்டை.
கொஞ்சம் கோணல்.
இதைத் தடுக்க என் புத்தகத்தில் விதி இல்லை.

அறுபத்தோராம் நகர்வில் தோற்றார்.
அது வேறு கதை, ஒரு சிப்பாயை எண்ண மறந்தார்.
அஸ்த்கிக் கைகொடுத்துவிட்டுக்
கணப்புக்கு ஓடினாள், விரல்களைக் காய்ச்ச.

வீட்டில் விளக்கு எரிந்தது.
ஹ்ராச்சிக் சூப்பை அடுப்பில் வைத்துவிட்டு
இழுப்பறைகளுக்கு முன்னால் நின்றான்.
"மூன்றாவது," என்றேன்.
இரண்டு மாதமாகச் சொல்லாத சொல்.

திறந்தான். கத்தியை எடுத்தான்.
"யார் ஜெயித்தது?" என்றான், திரும்பாமலே.

பூட்ஸின் முடிச்சு பனியில் இறுகிப்போயிருந்தது.
"இரு," என்றேன், "இதைக் கழற்றிவிட்டு வருகிறேன்."